தொடைக்கறி வாங்கிய ஞாயிறு

மாட்டுக்கறி வாங்குவதில் என்னை ஏமாற்ற விராலிமலை ரோட்டில் இன்றைக்கு ஒருத்தரும் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வாரம் முழுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கறிக்கடைக் கூட்டத்துக்குள் புகுந்து, "பாய், அந்த முன்சப்பைய இங்கிட்டுத் திருப்புங்க, பாப்போம்" என்று சொல்கிற அளவுக்கு வருவதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனபோது மகளுக்கு இரண்டு வயது. அதுவரைக்கும் கறி வாங்குவது அவர் வேலை. அவர் விமானம் ஏறிய அடுத்த ஞாயிறு நான் கடைக்குப் போனேன். கடை என்றால் தகரக் கூரை, நான்கு இரும்புக் கொக்கி, ஒரு புளியமரக் கட்டை, ஒரு தராசு. அவ்வளவுதான். நின்றவர்கள் அத்தனை பேரும் ஆம்பளைகள். நான் கூச்சப்பட்டு எதிரே இருந்த வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே நின்று, "ஒரு கிலோ குடுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தேன். என்ன கறி, எந்த இடத்துக் கறி என்று கேட்கத் தெரியவில்லை. கருப்புக் கவரில் போட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து பிரித்தால் பாதி சவ்வு, மீதி கழுத்து நரம்பு. குக்கர் பதினொரு விசில் அடித்தது. வெந்தபாடில்லை. மகள் ஒரு துண்டை வாயில் வைத்து வெகுநேரம் மென்றுவிட்டு, அப்படியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அடுத்த ஞாயிறு போய்க் கட்டைக்கு நேர் எதிரே நின்றேன். யார் தள்ளினாலும் நகரவில்லை. பாய் நிமிர்ந்து பார்த்து, "என்ன டீச்சர், போன வாரம் கறி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு பாய், செருப்புக்கு அடிப்பாகம் தைக்கலாம்" என்றேன். கடையே சிரித்தது. பாயும் சிரித்தார். அன்றையிலிருந்து அவர் எனக்குக் கறியை மூடி மறைத்ததில்லை.

கேட்டுக் கேட்டும் கெடுத்துக் கெடுத்தும் கற்றுக்கொண்டேன். கறியைத் தூரத்திலிருந்து பார்த்து நிறத்தில் மயங்கக் கூடாது. கிட்டே போய்க் கொழுப்பைப் பார்க்க வேண்டும். வெண்ணெய் மாதிரி வெளுப்பாக இருந்தால் இளசு. மஞ்சள் பூத்திருந்தால் அது பாவம், பல வருடம் உழைத்துக் களைத்த மாடு, நம் அடுப்பிலும் அது சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் குழி உடனே மேலே எழும்பி வர வேண்டும். கறி விரலில் லேசாக ஒட்ட வேண்டும், வழுக்கக் கூடாது. வழுக்கினால் தண்ணீர் தெளித்து எடை கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் மூக்கு. ஒன்பது மணிக்கு மேல் போனால் மூக்குக்கு வேலை ஜாஸ்தி. அதனால் ஏழு மணிப் பூசை முடிந்த கையோடு போய்விடுவேன். செபமாலை கைப்பையில் ஒரு பக்கம், கருப்புக் கவர் இன்னொரு பக்கம்.

குழம்புக்கு நான் கேட்பது எப்போதும் நெஞ்சுக்கறிதான். எலும்போடு, கொஞ்சம் கொழுப்போடு, கூட ஒரு நல்லி எலும்பு. கொழுப்பில்லாத கறியில் குழம்பு வைத்தால் அது வெறும் மிளகாய்த் தண்ணீர். கறி கொதிக்கும்போது மேலே எண்ணெய் பிரிந்து வருகிற அந்த மணத்துக்காகத்தானே நாற்பது நாள் தவக்காலம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறோம்.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் நான் தொடைக்கறி கேட்பேன். உப்புக்கண்டம் போட. கொழுப்பு ஒரு துளி இருந்தாலும் உப்புக்கண்டம் சிக்கு வாடை அடித்துவிடும். ஆகவே தொடையில் நடுப்பாகமாகப் பார்த்து, நரம்பை எடுத்து, சவ்வை உரித்து, இரண்டு கிலோ. அதை நீளநீளமாக நாடா மாதிரி வார்ந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, சணலில் கோத்து மொட்டைமாடியில் மூன்று நாள் காயவைத்தால், இரண்டு கிலோ சுண்டி ஒரு டப்பாவுக்குள் அடங்கிவிடும். அவர் லீவு முடிந்து போகும்போது பெட்டியில் லுங்கிகளுக்கு நடுவே அந்த டப்பாவை வைத்து அனுப்புவேன். எங்கள் ஊரில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் இதே வழக்கம்தான். பக்கத்துத் தெருக்காரர் ஆட்டுக்கறியில் போடுவார், நாங்கள் மாட்டுக்கறியில் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், என் வீட்டு நடமாட்டம் மொத்தமும் கறிக்கடைக்குத் தெரிந்துவிட்டது. நல்லியோடு ஒன்றரைக் கிலோ நெஞ்சுக்கறி கேட்டால், "அண்ணன் வந்துட்டாரா டீச்சர்?" என்பார் பாய். ஒரு மாதம் கழித்துத் தொடைக்கறி என்று வாயெடுத்ததும் கத்தியைத் தீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "கெளம்புறாரா?" என்பார். "ஆமா பாய், புதன்கெழம" என்பேன்.  அன்றைக்கு மட்டும் நரம்பெடுக்க அவர் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வார்.

பத்தொன்பது வருடம் இப்படிப் போனது. குவைத்தில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கறி விற்கிற கவுண்டர். கறியிலேதான் எங்கள் இரண்டு பேர் பிழைப்பும் விதித்திருக்கிறது போல. வீடியோ காலில் காட்டுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏசி, உள்ளே வெளிச்சம், தட்டுத் தட்டாக ஒரே அளவில் வெட்டின சிவப்புத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் சீட்டு. "இது கறிக்கடையா, பூக்கடையாங்க?" என்று கேட்பேன். அவர் தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையும் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் டாக்டர் மாதிரி நின்று சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் நர்ஸ் படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருடம் ஆடி மாதத்தில் இவர் விசாவை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். "கேன்சல்ல வந்தாச்சு டீச்சரம்மா, இனி நானும் நீயுந்தான்" என்று பெட்டியை வாசலில் வைத்தார். எங்கள் பக்கம் 'கேன்சல்ல வந்தாச்சு' என்றால் இனி போகப்போவதில்லை என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையையும் திட்டவில்லை.

சந்தோஷம் ஒரு பக்கம். மனுசரோடு தினமும் குடித்தனம் பண்ணுவது இன்னொரு பக்கம். நாற்பது நாள் லீவில் வருகிறவரை ராஜா மாதிரி வைத்துக்கொள்ளலாம். வருடம் முழுக்க ஒருத்தர் ராஜாவாக இருக்க முடியாதே. ஃபிரிட்ஜில் இருக்கிற தோசைமாவுக்குத் தேதி எழுதிச் சீட்டு ஒட்டினார். ரசத்துக்குச் சீட்டு ஒட்டினார். சமையலறைக் கத்தியை எல்லாம் நிறம் பிரித்து வைத்தார், காய்க்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று. ஒருநாள் நான் தேங்காய் உடைத்த அரிவாளைப் பார்த்துவிட்டு, "இது எந்த செக்சன்?" என்று கேட்டார். "இது ஒங்க வாய மூடுற செக்சன்" என்றேன்.

கறிக்கடைக்கும் கூடவே வந்தார். வந்தவர் சும்மா நிற்க வேண்டாமா? கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். கட்டையை முகர்ந்து பார்த்தார். "பாய், இங்க டெம்பரேச்சர் எவ்வளவு இருக்கும்?" என்றார். பாய் நிதானமாக, "அடுப்புல ஏத்துனாத்தாண்ணே அதுக்கு டெம்பரேச்சர்" என்று சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவர் விடவில்லை. எலும்பையும் கறியையும் ஒரே கத்தியில் வெட்டக் கூடாது, கையுறை போட வேண்டும், ஈக்கு வலை கட்ட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இங்க பாருங்க, ஒங்க குவைத்துப் பேச்செல்லாம் குவைத்தோட விட்ருங்க. இனிமே எங்கூட கறிக்கடைக்கு வராதீங்க" என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் வண்டிப் பக்கம் நின்றுகொண்டார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகத்தான் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயைச் சுட வேண்டும் போலிருக்கிறது. அந்த மனுசருக்கு இந்த உலகத்தில் நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். அதிலும் நான் அவரை வெளியே நிறுத்திவிட்டேன்.

மெதுவாக அவர் பேச்சுக் குறைந்துவிட்டது. காலையில் டீக்கடைக்குப் போவார், அரைமணி நேரத்தில் திரும்பிவிடுவார். பழகிய சேக்காளிகள் பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேருக்கு அவரோடு பேச விஷயமில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நாலரை மணிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "இன்னைக்கு என்னாச்சு பள்ளியோடத்துல?" என்று ஆவலாகக் கேட்பார். நான் களைப்பில், "என்ன ஆகும், ஒன்னும் ஆகல" என்பேன்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம் வியாழக்கிழமை. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் போன் பேசினார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அங்கே பழகிய பழக்கம். பேசியது அவருடைய சூப்பர்வைசர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கவுண்டரைப் பார்க்க அனுபவமுள்ள ஆள் இல்லை, புது விசா அனுப்புகிறோம், ஒரு மாதத்தில் கிளம்பி வர முடியுமா என்று கேட்டார். இவர், "ஒரு வாரம் டயம் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

உள்ளே வந்தவர் என்னிடம் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். பத்தொன்பது வருடத்தில் எத்தனை முறை அவரை வழியனுப்பியிருப்பேன்! ஒரு தடவைகூட 'போகாதீங்க' என்று நான் சொன்னது கிடையாது. முதல் தடவை போகும்போதே மனதுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். போகிறவர் எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். நான் அழுதுவிட்டால் அந்த அழுகையையும் அவர்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். அதனால் சிரித்துக்கொண்டே டப்பாவைப் பெட்டியில் வைத்து, பாஸ்போர்ட் இருக்கா பாருங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஆட்டோ திருப்பத்தைத் தாண்டின பிறகுதான் கதவைச் சாத்துவேன். இது பழகிப் பழகி, கேட்க வேண்டிய நேரத்தில் நாக்கு எழும்பவில்லை. வெள்ளி போனது, சனி போனது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம், "நாளைக்குக் கறி நான் வாங்கியாரேன். நீ நிதானமாப் பூசைக்குப் போயிட்டு வா" என்றார். கடைக்கு வராதே என்று நான் சொன்ன ஏழெட்டு மாதத்துக்கு அப்புறம் அவராகவே கேட்கிறார். சரி என்றேன்.

பூசை முடிந்து நடந்து வந்தேன். கடையைத் தாண்டும்போது பாய் கட்டைக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கூப்பிட்டார்.

"டீச்சர்! அண்ணன் வந்தாரு. தொடையில நடுத்துண்டாப் பாத்து, நரம்பு சவ்வெல்லாம் எடுத்து ரெண்டு கிலோ குடுத்திருக்கேன். எப்பக் கெளம்புறாரு?"

நின்ற கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.  அந்த இடத்திலும் என் கௌரவம் போகவில்லை பாருங்கள். "இன்னும் டிக்கெட் போடல பாய்" என்று சிரித்தேன். "போட்டதும் சொல்லுங்க, கடைசி நாள் நல்லி எடுத்து வைக்கிறேன்" என்றார் அந்த நல்ல மனுசர்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். அடப்பாவி மனுசா, கட்டினவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை, கறிக்கடையில் போய் ஊருக்கே சொல்லியிருக்கிறாயே! போ. போக வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டால் போ. நானா தடுக்கப்போகிறேன்? இத்தனை வருடம் தனியாக இருந்தவளுக்கு இனிமேல் இருக்கத் தெரியாதா? வாய்க்குள்ளேயே இத்தனையும் பேசிக்கொண்டு வந்தேன்.

அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். அகலமான தட்டில் கறியைப் பரப்பி வைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா, பாரு. ஒரு துளி கொழுப்பு இல்ல. ஒரு எலும்பு இல்ல. கலரப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

சேலையைக்கூட மாற்றவில்லை. அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் வாங்கி வந்த கறியை நீளநீளமாக வார ஆரம்பித்தேன். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள். பிசறிய கையோடு கோணி ஊசியில் சணலைக் கோத்தேன். இத்தனை நேரமும் அவர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கொழம்பு வைக்கலையா?" என்று கேட்டார். "இந்தக் கறியில எவ கொழம்பு வைப்பா?" என்றேன். மாடிக்குப் போய்க் கொடியில் கட்டிவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தார்.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை. மாடியில் குடையை விரித்துக்கொண்டு, கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். காக்கா விரட்டுகிறாராம். முகம் வெயிலில் கருத்துப் போயிருந்தது. "காலையிலேர்ந்தா இங்க ஒக்காந்திருக்கீங்க?" என்றேன். "நீ கஷ்டப்பட்டுப் போட்டது, காக்கா கொத்திட்டுப் போனா வீணாப் போயிரும்ல" என்றார். போவதற்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு இன்னும் எரிந்தது.

செவ்வாய்க்கிழமையும் அதே காவல். அன்று சாயங்காலம் நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது பரண் மேல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். பெட்டி கீழே வந்ததும் அதன் சக்கரத்தைத் துணியால் துடைத்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை.

"நாளைக்குப் போன் பண்ணி வாரேன்னு சொல்லிர்றேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அதான் ஞாயித்துக்கெழமையே ஊருக்கெல்லாம் சொல்லியாச்சே. இப்ப என்ன புதுசா?"

"நான் யார்ட்டயும் சொல்லலையே."

"தொடைக்கறி வாங்குனீங்கல்ல? ரெண்டு கிலோ! பாய் எங்கிட்டக் கேக்குறாரு, எப்பக் கெளம்புறாருன்னு. கட்டுனவ மூஞ்சில சொல்ல வாய் வரல, கறிக்கட்டையில போயிச் சொல்லிருக்கீங்க."

அவர் துணியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார். ஒன்றும் புரியாத முழி.

"தொடைக்கறி வாங்குனா அதுக்கென்ன?"

"என்னவா? இந்த வீட்ல தொடைக்கறி என்னத்துக்கு வாங்குவாங்க? உப்புக்கண்டத்துக்குத்தான வாங்குவாங்க!"

"எனக்கெப்படித் தெரியும்? நீ டப்பாவக் குடுப்ப, நான் கொண்டுபோவேன். எந்தக் கறின்னு நீ என்னைக்குச் சொன்ன?" குரல் உயர்ந்தது. "எங்க கவுண்டர்ல ஒசத்தி கறின்னா அதுதான். பெரிய பெரிய ஆளுங்க அதத்தான் கேட்டு வாங்குவாங்க. கொழுப்பு இல்லாம, எலும்பு இல்லாம. பத்தொன்பது வருசம் அடுத்தவங்களுக்கு வெட்டி வெட்டிக் குடுத்தேன். ஒருநாளாவது அப்படி ஒரு கறிய நானே தேர்ந்தெடுத்து ஒனக்குக் கொண்டாரணும்னு நெனச்சேன். பாதிய ஃபிரீசர்ல வச்சு, ரெண்டு வாரம் சாப்புடலாம்னு நெனச்சேன். நீ என்னடான்னா..."

"நான் என்ன?"

"நீ அத வாங்குன கையோட வார்ந்து காயப் போட்டுட்ட." அவர் குரல் இறங்கிவிட்டது. "மாடியில கறி காய ஆரம்பிச்சா அத்தன வருசமும் நான் மிச்ச நாள எண்ண ஆரம்பிச்சிருவேன். நாள் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். சூப்பர்வைசர் பேசுனத நீ கேட்டிருப்ப, அதான் என்னைய அனுப்பத் தயாராயிட்டன்னு நெனச்சேன். சரி, நம்மளால இவளுக்கு இம்சைதான், போயிருவோம்னுதான் பெட்டிய எறக்குனேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையாக வந்தது. போகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அந்தக் கறியை இரண்டு நாள் வெயிலில் காவல் காத்திருக்கிறார் இந்த மனுசர்! இப்படி ஒருத்தரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவரும் எதிரே பெட்டி மேல் உட்கார்ந்தார்.  பிறகு அவர்தான், "தப்பு எங்க நடந்துச்சுன்னு தெரிஞ்சிருச்சு. ஆனாலும் டீச்சரம்மா, எனக்கு இங்க என்ன வேலை இருக்கு? நீ பள்ளியோடத்துக்குப் போயிர்ற. நான் சொவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அங்க போனா பத்துப் பேரு எங்கிட்ட வந்து, இன்னைக்கு எது நல்லா இருக்குன்னு கேப்பான்" என்றார்.

எனக்கு நல்ல யோசனை எதுவும் உடனே தோன்றவில்லை. கடையில் வைத்து அவமானப்படுத்தினதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், அதற்கும் வார்த்தை கூடி வரவில்லை. வேறொன்றுதான் வாயில் வந்தது.

"எனக்குத் தெரியலங்க. என்ன வேலைன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா நீங்க போகாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொன்ன?"

"போகாதீங்கன்னு சொன்னேன்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"போகாதீங்க. காதும் கேக்கலையா? போகாதீங்க, போகாதீங்க, போகாதீங்க!" அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சின்னப்பிள்ளை மாதிரி கத்தினேன். முந்தானையெல்லாம் கண்ணீர்.

அவர் எழுந்து போய் வழிந்த அடுப்பை அணைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.  பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வரைக்கும்கூடக் காத்திருக்காமல், வாசலுக்குப் போனார். வழக்கம்போல ஸ்பீக்கர். எதிர்வீட்டு அம்மா கோலமாவு டப்பாவோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான்தான். இல்லண்ணே, வரலை."

சம்பளம் பத்தலையா, கூட்டிக் கேட்கட்டுமா என்று சூப்பர்வைசர் கேட்பது உள்ளே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அதெல்லாம் இல்லண்ணே. வீட்ல போக வேணாங்கிறாங்க."

அந்தப் பக்கம் லைன் கரகரத்தது. சரியாகக் கேட்கவில்லை, என்ன சொன்னீர்கள் என்றார் சூப்பர்வைசர்.

இவர் தெருவில் இறங்கி நின்று, அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"எங்க வீட்ல, என்னையப் போக வேணாங்கிறாங்கண்ணே!"